புள்ளி மனிதன்

படிவம் மூன்று மொழியில் வந்தது.
சிங்களத்தில் சரியாக இருந்தது.
ஆங்கிலத்தில் பொயின்ட்ஸ்மேன்.
தமிழில் யாரோ
அகராதியைப் பிரித்துச் சொல்லுக்குச் சொல் வைத்து
புள்ளி மனிதன் என்று அச்சடித்திருந்தார்கள்.

நிஸ்தார் சிரித்துச் சிரித்து
பிளேன்டியைக் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டான்.
"இன்னாசி இல்லை, இனிப் புள்ளி மாஸ்டர்" என்றான்.
அந்த ஷிப்ட் முடியும்வரை
அதுவே என் பெயர்.

புள்ளி மனிதனின் கடமைகளைச் சுருக்கமாக எழுதுக.
கீழே மூன்று கோடுகள்.

தெமட்டகொடை யார்டில் பத்தொன்பது வருடம்.
கொலன்னாவைக்கு எண்ணெய் போனால் இந்தப் பக்கம் சாய்ப்பேன்,
ஷெட்டுக்கு எஞ்சின் திரும்பினால் அந்தப் பக்கம்.
நாக்குத் தண்டவாளம் போய் ஒட்டுகையில்
ஒரு சத்தம் வரும்.
வரவேண்டிய சத்தமா இல்லையா என்று
காதுக்குத் தெரியும். அவ்வளவுதான்.
இரண்டு கோடு போதும், ஒன்று மிஞ்சும்.

லீவரில் எனக்குக் காதல் கிடையாது.
என் வலத்தோள் மூட்டில் அது குடியிருக்கிறது,
வாடகை தருவதில்லை,
மழை வருமுன் கதவைத் தட்டும்.
நாளைக்கே மோட்டார் பூட்டட்டும்,
முதல் கைதட்டு என்னுடையது,
இடக்கையால் தொடையில் தட்டியாவது.

எஞ்சினியர் செனுரி இரவு எட்டு மணிக்கு வந்து
விளக்குக் கம்பத்தின் கீழ் மடிக்கணினியைத் திறந்தார்.
கறுப்புத் திரை. பச்சைக் கோடுகள்.
ஊர்ந்துபோகும் ஒரு சிவப்புப் புள்ளி.
"பதுளை மெயில்" என்றார்.
மூன்றாம் வகுப்பில் நின்றபடி தூங்குகிறவன்,
சீட்டுக்கடியில் ஒருத்தியின் பலாப்பழம்,
கழிவறை வாசலில் சண்டை,
எல்லாம் சேர்ந்து மிளகளவு.

மருதானையில் ஒராள் உட்கார்ந்தால்
முழு யார்டையும் திருப்பலாமாம்.
அந்த ஒராளாக நானும் விண்ணப்பிக்கலாமாம்.
பரீட்சை இருக்கிறது, ஐம்பது எடுக்கவேண்டும்.
அவர் சிங்களத்தில் ஐம்பது என்றுதான் சொன்னார்,
ஐம்பது புள்ளி என்று
மனதுக்குள் சேர்த்துக்கொண்டது நான்.

மகள் கொப்பியில் எழுத்துப் பழகியபோது பார்த்திருக்கிறேன்:
தலையில் புள்ளி விழுந்தால்
எழுத்தின் உயிர் போய்விடும்.
மெய் மட்டும் நிற்கும்.

அப்போதுதான் மழை.
அப்போதுதான் எண்ணெய் வண்டி வெளியே வந்து நின்று
ஹோர்ன் அடித்தது.
லீவரைச் சாய்த்தேன். சத்தம் வந்தது,
வரவேண்டிய சத்தம் அல்ல.
ஒரு விரல் இடைவெளி.
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தேன்:
யோகட் கோப்பை ஒன்று,
அதற்குள் கணக்காய் ஒரு சல்லிக்கல்.
லைன் ஓரக் குடிசையில் எந்தப் பிள்ளையோ
கடை வைத்து விளையாடியிருக்கிறது.

செனுரி குடையோடு பின்னால் நின்றார்.
"இது உங்கட திரையில எப்படித் தெரியும் மிஸ்?"
"பிழை என்று மினுங்கும். உடனே ஆள் அனுப்புவோம்."
"எந்த ஆள்?"
நனையாமல் சட்டைக்குள் வைத்திருந்த தாள்களை
ஒன்றொன்றாகப் புரட்டினார்.
நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை.
"அது இன்னும் தீர்மானிக்கவில்லை."

எண்ணெய் வண்டி முழுதும் போய் முடிய
ஆறு நிமிடம்.
நாங்கள் இருவரும் பேசவில்லை,
கோப்பை என் கையில் இருந்தது.

விடிய நாலரைக்கு, முதல் கோட்டில் எழுதினேன்:
போய்ப் பார்ப்பது.
மற்ற இரண்டையும் அப்படியே விட்டேன்.
புள்ளி மனிதனை வெட்டித் திருத்த நினைத்து,
பிறகு, கிடக்கட்டும் என்று விட்டேன்.
பரீட்சை விண்ணப்பத்தையும் கூடவே
ஸ்டேப்ளரால் குத்தினேன், ஈரத்தில் இரண்டு முறை.

நிஸ்தார் நூறு ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறான்,
நாற்பத்தொன்பது எடுப்பேனாம்.